பழைய இரும்பு பீரோவுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது வழிசலும் சொரசொரப்பும் ஏன் வருகின்றன?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வீட்டில் முப்பது வருடப் பழைய இரும்பு பீரோ இருக்கிறது. அடிப்பக்கம் துருப்பிடித்திருக்கிறது. கையில் பிடித்து அடிக்கும் மின்சார ஸ்ப்ரே கன் ஒன்று வாங்கி, எனாமல் பெயிண்டில் கொஞ்சம் டர்பன்டைன் ஊற்றி ஒரு கதவில் மட்டும் அடித்துப் பார்த்திருக்கிறீர்கள். மேல்பாதி மணல் ஒட்டியது போல் சொரசொரப்பு, கீழ்ப்பாதி வழிந்து கோடு கோடாக இறங்கிவிட்டது, கைப்பிடியைச் சுற்றி அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள். கன் சரியில்லையா, மீதி பீரோவை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

கன் மேல் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. சொரசொரப்பும் வழிசலும் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பெயிண்ட் கெட்டியாக இருந்திருக்கிறது. இந்த வகைக் கன்னில் காற்று நிறைய வரும், அழுத்தம் குறைவு. கெட்டிப் பெயிண்டை அதனால் பொடித்துளியாக உடைக்க முடியாது. பெரிய பெரிய துளியாகப் போய் விழுகிறது, விழுந்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து பரவுவதற்கு முன்பே இறுகிவிடுகின்றன. மேல்பாதி அப்படித்தான் ஆகியிருக்கும். அதைப் பார்த்ததும் யாருக்கும் கை தானாகவே கதவுக்கு அருகில் போகும், வேகம் குறையும், அதே இடத்தில் மறுபடி ஒரு வரி ஓடும். தகடு தாங்காத அளவுக்குப் பெயிண்ட் ஏறி, கீழ்ப்பாதி வழிந்துவிட்டது. குழிகளின் கதை வேறு. அது எண்ணெய்ப் பிசுக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெயிண்டின் தண்ணித்தனத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கன்னோடு பெட்டிக்குள் அடியில் ஓட்டை போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் கப் வந்திருக்கும், நிறையப் பேர் அதை வேண்டாத சாமான் என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கப்தான் இந்த வேலையின் தராசு. இல்லையென்றால் பெயிண்ட் கடைகளில் பி-4 கப் என்று கேட்டு வாங்கலாம். கப்பைப் பெயிண்டுக்குள் முழுக்க அமுக்கி, மேலே தூக்கும் நொடியில் செல்போனில் நேரத்தை ஓடவிடுங்கள். அடியிலிருந்து நூலாக ஒழுகும் பெயிண்ட், முதல் தடவை அறுந்து சொட்டாக மாறும் நொடியில் நிறுத்துங்கள். டின்னைத் திறந்த நிலையில் சிந்தெடிக் எனாமல் பி-4 கப்பில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும். கையடக்கக் கன்னுக்கு 25 முதல் 30 நொடிக்குள் வர வேண்டும். (பெட்டியில் வரும் கப்பின் ஓட்டை அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதற்குக் கையேட்டில் போட்டிருக்கும் நொடிக்கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.)

அரை லிட்டர் பெயிண்டை எடுத்து நன்றாக அடி வரை கிளறி, முதலில் 50 மி.லி. மினரல் டர்பன்டைன் விட்டுக் கலக்கி அளந்து பாருங்கள். பிறகு 25 மி.லி., 25 மி.லி.யாகக் கூட்டுங்கள். பெரும்பாலும் மொத்தம் 100 மி.லி.யை ஒட்டி வந்து நிற்கும். எந்த அளவில் நின்றதோ அதைச் சுவரிலோ காகிதத்திலோ குறித்துவையுங்கள், அடுத்த கலவை அதே அளவில் இருந்தால்தான் இரண்டு கோட்டும் (பூச்சும்) ஒரே மாதிரி விழும். கலந்ததைப் பழைய நைலான் காலுறை வழியாக வடிகட்டித்தான் கன்னின் டப்பாவில் ஊற்ற வேண்டும். டின் மூடியில் காய்ந்த ஆடையின் ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும், நாசில் (பெயிண்ட் வெளிவரும் முனை) பாதி அடைத்துக்கொண்டு கன் துப்பத் தொடங்கும்.

கலந்த பெயிண்டை நேரே பீரோவில் அடிக்காதீர்கள். பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துச் செங்குத்தாக நிறுத்தி, 20 செ.மீ. தூரத்திலிருந்து ஒரே ஒரு வரி ஓட்டுங்கள். அருகில் போய்ப் பாருங்கள். துளிகள் கடுகு கடுகாகத் தனித்தனியே தெரிந்தால் இன்னும் கெட்டி, இன்னும் கொஞ்சம் டர்பன்டைன் வேண்டும். நடுவில் குளம் கட்டி, ஓரத்தில் கால் முளைத்த மாதிரி ஓடினால் தண்ணி அதிகம், அல்லது பெயிண்ட் அளவுத் திருகு அதிகம் திறந்திருக்கிறது. ரவை கூடத் தெரியாமல் பனி படிந்தது போல் சீராக இருந்து, ஓரம் மெல்ல மங்கி முடிந்தால் அதுதான் பதம். இந்த அட்டைக்குச் செலவாகும் பத்து நிமிடம், ஒரு கதவைச் சுரண்டும் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

இப்போது அந்தக் குழிகள். கைப்பிடியைச் சுற்றி வந்திருக்கிறது என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. முப்பது வருடமாகத் தலைக்கு எண்ணெய் வைத்த கை பட்ட இடம் அது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனம் குங்குமம், சாம்பிராணிப் புகை, கதவில் ஒட்டிய சாமி ஸ்டிக்கரின் பசை, கண்ணாடியோரம் வரிசையாக ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு எல்லாமே பெயிண்டைத் தள்ளிவிடும். பெயிண்ட் அந்தப் புள்ளியை விட்டு விலகி நிற்பதுதான் குழி. உப்புத்தாள் போட்டால் பிசுக்கு போய்விடும் என்று நினைப்பதுதான் இங்கே பொதுவாக நடக்கும் பிழை. தேய்க்கும்போது பிசுக்கு போகாது, தகடு முழுக்கப் பரவும். அதனால் கழுவுவது முதலில், தேய்ப்பது பிறகு. ஸ்டிக்கர் பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எடுக்கலாம், ஆனால் மண்ணெண்ணெயே ஒரு படலம் விட்டுப்போகும். அதனால் பீரோ முழுவதையும் பாத்திரம் தேய்க்கும் சோப்பு கரைத்த வெந்நீரில் இரண்டு தடவை கழுவி, நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, வெயிலில் காய விடுங்கள். கழுவிய இடத்தில் தண்ணீர் தெளித்தால் படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாக உருண்டால் பிசுக்கு இன்னும் போகவில்லை.

உங்கள் பீரோ சுத்தியலால் தட்டியது போல் புள்ளி புள்ளியாக மின்னும் ஹேமர்டோன் பெயிண்ட் அடித்ததாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்தத் தோற்றத்துக்காகவே அதில் சிலிக்கான் சேர்ப்பது உண்டு, அது மேலே அடிக்கும் பெயிண்டிலும் குழி விழ வைக்கும். அதை மட்டம் ஆகும்வரை தேய்த்துத் துடைத்து, ஒரு சாண் இடத்தில் பிரைமர் (பெயிண்டுக்கு முன் ஏறும் அடிப்பூச்சு) அடித்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

பழைய பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம். பெரிய கம்பெனி பீரோக்களில் ஆலையிலேயே சூளையில் வைத்துச் சுட்ட பெயிண்ட் இருக்கும். வீட்டில் நாம் காற்றில் உலர வைக்கும் எனாமல் எதுவும் அந்த உறுதிக்கு வராது. அது உறுதியாகப் பிடித்திருக்கும் இடத்தில் அதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, மறைவான மூலையில் என்.சி. தின்னர் (லாக்கர் பெயிண்டைக் கரைக்கும் திரவம்) நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். ஒன்றும் ஆகாவிட்டால் சுட்ட பெயிண்ட். சுருங்கி எழும்பினால் யாரோ இடையில் எனாமல் அடித்திருக்கிறார்கள். பஞ்சில் கரைந்து நிறம் இறங்கினால் டக்கோ வகை, அதாவது தின்னரில் கரையும் லாக்கர் பெயிண்ட். மூன்றின் மேலும் எனாமல் அடிக்கலாம். ஆனால் சுருங்கியதன் மேல் டக்கோவோ என்.சி. தின்னர் கலந்த எதுவுமோ அடித்தால், அடியிலிருக்கும் எனாமல் வெந்த பால் ஆடை போல மடிந்து எழும்பிவிடும், மறுபடி தகடு வரை சுரண்டுவதைத் தவிர வழி கிடையாது.

தேய்க்கும் முன் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசு வீடு முழுக்கப் படியும், தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். 220 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்து, வரும் சேற்றைத் துணியால் வழித்துக் கட்டிப் போடுங்கள். பளபளப்பு போய் மங்கினால் போதும், நிறம் போக வேண்டியதில்லை.

துருப்பிடித்த அடிப்பக்கத்தில் மட்டும் தகடு தெரியும்வரை போக வேண்டும். தரை துடைக்கும் தண்ணீர் வருடக்கணக்கில் கால்களுக்கு அடியில் தேங்குவதால்தான் அங்கே துரு. கம்பி பிரஷ்ஷும் 80 நம்பர் வாட்டர் பேப்பரும் போதும், இங்கேயும் நனைத்தே தேயுங்கள். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பழைய பெயிண்டின் தூசு பறக்கும், தவிர பீரோத் தகடு ஒரு மி.மீ.கூடக் கனம் இருக்காது, ஒரே இடத்தில் அமுக்கிப் பிடித்தால் சூடேறி நெளிந்துவிடும். குழிகளுக்குள் கறுப்பாக ஒட்டியிருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, கழுவித் துடைத்து உடனே உலர்த்துங்கள். பெயிண்ட் எங்கே முடிந்து துரு எங்கே ஆரம்பிக்கிறதோ அந்த ஓரத்தை விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் உள்ளே போனால் துரு பெயிண்டுக்கு அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அங்கிருந்து இரண்டு விரற்கடை இன்னும் மேலே சுரண்டுங்கள். இதை விட்டுவிட்டு மேலே என்ன அடித்தாலும் அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்புளம் விடும். தகடு ஓட்டையாகவே போயிருந்தால், கார் டிங்கரிங் வேலைக்குப் போடும், ஹார்டனர் கலக்கும் பட்டி நல்லது. 100 கிராமுக்கு 2 கிராம் ஹார்டனர், கலந்தால் சில நிமிடங்களுக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். பெரிய ஓட்டைக்குப் பட்டி நிற்காது, வெல்டிங் பட்டறையில் ஒரு துண்டுத் தகடு வைத்துக்கொண்டு வருவதே சரி.

தகடு வெளியே தெரிந்த அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சுத்தம் செய்த இரும்பு ஒரு ராத்திரியிலேயே செம்பட்டையாகிவிடும். கடையில் மஞ்சள் நிற சிங்க் குரோமேட் பிரைமரோ, அது கலந்த ரெட் ஆக்சைடோ கொடுத்தால், தயவுசெய்து அதை ஸ்ப்ரேயில் அடிக்காதீர்கள். அதில் இருக்கும் குரோமியம் புற்றுநோய் வரவழைக்கும் வகை, புகையாக மூச்சில் போகக் கூடாதது. சிங்க் பாஸ்பேட் பிரைமர் கேட்டு வாங்குங்கள். தகடு தெரியும் இடங்களுக்கு முதலில் பிரஷ்ஷில் ஒரு கோட், மறுநாள் பீரோ முழுவதற்கும் ஸ்ப்ரேயில் ஒரு கோட். காய்ந்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். சின்னக் கீறல்கூட நிழலாகத் தெரியும். பிரஷ் பெயிண்ட் கனமாக நின்று கீறலை ஓரளவு மூடிவிடும், ஸ்ப்ரே அப்படிச் செய்யாது, கீழே இருப்பதை அப்படியே மேலே காட்டும். பட்டி பார்க்க வேண்டியது இந்தக் கட்டத்தில்தான். பட்டி காய்ந்தபின் 320 நம்பர் வாட்டர் பேப்பர், பட்டி தெரியும் இடங்களுக்கு மறுபடி பிரைமர்.

எவ்வளவு பெயிண்ட் வாங்குவது? வழக்கமான பெரிய பீரோ 78 அங்குல உயரம், 36 அங்குல அகலம், 19 அங்குல ஆழம். முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மேல்தட்டு சேர்த்து சுமார் 45 சதுர அடி. எனாமல் லிட்டருக்கு ஒரு கோட் 100 சதுர அடிக்குக் குறையாமல் வரும், ஆனால் ஸ்ப்ரேயில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும் என்று கணக்கு வையுங்கள். மூன்று கோட்டுக்கு 2 லிட்டர், பிரைமர் ஒரு லிட்டர், டர்பன்டைன் கழுவுவதற்கும் சேர்த்து 2 லிட்டர். உள்பக்கத்துக்கு அடிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. மூடிய இடத்தில் எனாமல் வாசனை வாரக்கணக்கில் நிற்கும், பட்டுப்புடவை அதை இழுத்துக்கொள்ளும், தட்டுகளில் துணி ஒட்டும். நிறத்தில் கருநீலம், கறுப்பு போன்றவற்றை உயர் பளபளப்பில் எடுத்தால் ஒவ்வொரு நெளிசலும் தெரியும். பழைய பீரோவுக்கு அரைப் பளபளப்பான சாட்டின்தான் அழகு.

இடமும் நேரமும் பற்றி. வெளியே கூரை போட்ட போர்ட்டிகோவோ, சன்னல்கள் திறந்த காலி அறையோ வேண்டும். அறையில் மின்விசிறி ஓடக் கூடாது. அது தூசைக் கிளப்புவதோடு, துளி தகட்டைத் தொடும் முன்பே காய வைத்துச் சொரசொரப்பாக்கும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசை அடக்குங்கள். பக்கத்தில் நிற்கும் பைக்கையும் காரையும் நகர்த்துங்கள், பறக்கும் எனாமல் பொடி பல அடி தள்ளியும் ஒட்டும். காலை ஏழரை முதல் பத்தரை வரை நல்ல நேரம். சாயங்காலம் விளக்குப் போட்டு அடித்தால் கொசுவும் ஈசலும் ஈரப் பெயிண்டில் வந்து ஒட்டும். மழை ஈரமுள்ள நாளில் எனாமல் காயாமல் பிசுபிசுக்கும், பளபளப்பும் மங்கும்.

நெருப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டர்பன்டைன் ஆவி 30 முதல் 40 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும், மே மாத மதியத்தில் மூடிய அறை அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. கன்னுக்குள் ஓடும் மோட்டாரில் பொறி பறக்கும். அதனால் உச்சி வெயிலில் அடிக்காதீர்கள், பூஜையறை விளக்கை அணையுங்கள், கேஸ் அடுப்பை அணைத்துச் சமையலறைக் கதவைச் சாத்துங்கள். என்.சி. தின்னர் ஆவி இன்னும் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும், இந்த வகைக் கன்னில் அதை ஊற்றவே கூடாது. பெயிண்டும் டர்பன்டைனும் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடுவது ஆபத்து. எனாமலில் இருக்கும் எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், குவியலுக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காய விடுங்கள், அல்லது தண்ணீரில் ஊற வையுங்கள். முகத்துக்குக் கரி வடிகட்டி உள்ள ரப்பர் மாஸ்க் வேண்டும். என்95 தூசைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் பளிங்கு மாதிரி வரும் என்று யாராவது சொன்னால் அதை வீட்டில் முயல வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலில் தீராத ஆஸ்துமாவைக் கொண்டுவரும், சாதாரண மாஸ்க்கை நம்பி அதை அடிக்க முடியாது.

இனி அடிப்பது. கைப்பிடி, பூட்டு, பெயர்த்தகடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கண்ணாடியின் மேல் செய்தித்தாள், ஓரத்துக்கு மாஸ்கிங் டேப். முடிந்தால் நாலு பேர் சேர்ந்து பீரோவை முதுகுப்பக்கம் சாய்த்துச் சாக்கு போட்டுப் படுக்க வையுங்கள், கிடையான தகட்டில் வழிசல் பயம் பாதி குறையும். (டப்பாவைக் கவிழ்க்காமல் சாய்த்துப் பிடிக்கும் அளவுக்கு உறிஞ்சு குழாயை முன்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாதியில் காற்று மட்டும் வரும்.) பக்கவாட்டுகளை மறுநாள் நிற்க வைத்து அடிக்கலாம்.

முதலில் ஓரங்கள், விளிம்புகள், கதவுச் சந்து. பிறகு அகலமான பரப்பு. கன் எப்போதும் தகட்டுக்கு நேர்செங்குத்தாக, 15 முதல் 20 செ.மீ. தூரத்தில். மணிக்கட்டை வீசினால் நடுவில் கனமாகவும் இரண்டு ஓரத்தில் மெல்லிசாகவும் விழும். அதனால் தோளிலிருந்து கை முழுவதும் நகர வேண்டும். கதவுக்கு வெளியிலேயே கை நகரத் தொடங்கி, விசை அழுத்தி, கதவைக் கடந்த பிறகு விசையை விடுங்கள். நொடிக்கு ஓர் அடி வேகம். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். முதல் சுற்று மேலோட்டமான தூவல், அடித்தளம் அங்கங்கே தெரியட்டும். 10, 15 நிமிடம் கழித்து இரண்டாவது சுற்றைக் கொஞ்சம் ஈரமாக அடியுங்கள். அப்போது தலையைத் தாழ்த்தி, வெளிச்சம் வரும் பக்கமாகப் பாருங்கள். துளிகள் ஒன்றுகூடி வானத்தின் பிம்பம் தகட்டில் விழும் நொடி தெரியும். அந்த நொடியில் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும். அதற்கு மேல் அரை வரி சேர்த்தாலும் வழியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாசில் முனையை டர்பன்டைன் துணியால் துடையுங்கள்.

அன்றைக்கு அவ்வளவுதான். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் காய்கிறது. அவசரப்பட்டுக் கனமாக ஏற்றினால் மேல்பக்கம் முதலில் தோல் கட்டி, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு சுருக்கம் விழும். மறுநாள் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, துடைத்து, அடுத்த கோட். கடைசிக் கோட் இன்னும் இளசாக இருக்கும்போதே மாஸ்கிங் டேப்பைச் சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள், முழுக்கக் காய்ந்தபின் இழுத்தால் விளிம்பு பிய்ந்து வரும்.

வழிந்தால் விரலாலோ துணியாலோ தொடாதீர்கள். விளிம்பில் தொங்கும் ஒரு சொட்டை மட்டும் பிரஷ் நுனியால் எடுக்கலாம். மற்றதை ஒரு வாரம் விட்டு, நன்றாக இறுகியதும் பிளேடால் சீவி, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் மட்டப்படுத்தி அந்தக் கதவுக்கு மட்டும் மறுபடி ஒரு கோட் கொடுங்கள். நீங்கள் ஏற்கெனவே அடித்த கதவுக்கும் இதேதான்: வழிசலைச் சீவி, சொரசொரப்பை 320-இல் மட்டம் செய்து, கைப்பிடிப் பகுதியில் குழியின் அடி மட்டம் வரை தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரைமரிலிருந்து தொடங்குங்கள். குழிகளின் மேலேயே இன்னொரு கோட் அடித்தால் அதே இடத்தில் அதே குழி திரும்ப வரும்.

அடித்து முடித்த அரை மணிக்குள் கன்னைக் கழுவ வேண்டும். டப்பாவில் கால் பங்கு டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, தெளிவாக வரும்வரை, காற்றோட்டமான வெளியிடத்தில் பழைய அட்டையில் அடியுங்கள். பிறகு நாசில், ஊசி, மூடியைக் கழற்றி ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நாசில் ஓட்டையைக் குண்டூசியால் குத்தினால் விளிம்பு கீறி, அடுத்த தடவை பெயிண்ட் விசிறியாக விரியாமல் ஒருபக்கமாகச் சாயும். தென்னை ஈர்க்குச்சி அதற்குச் சரியான கருவி. காற்று வடிகட்டியின் ஸ்பாஞ்சையும் தட்டித் துடைத்து வையுங்கள்.

பீரோவைத் திரும்ப நிறுத்தும்போது கால்களுக்கு அடியில் அரை அங்குல ரப்பர் துண்டோ கிரானைட் துண்டோ கொடுத்தால் தரைத் தண்ணீர் தொடாது. தொட்டால் ஒட்டாத நிலை ஒரே நாளில் வந்தாலும், முழு உறுதி வர ஒரு வாரமாவது ஆகும். அதுவரை கதவுகளை முழுக்கச் சாத்த வேண்டாம். புதுப் பெயிண்ட் இரண்டு விளிம்புகளையும் ஒட்டிக்கொள்ளும், பிறகு இழுத்துத் திறக்கும்போது அந்த விளிம்பில்தான் முதலில் தகடு தெரியும்.